பட்டமும் இல்லை, விமானமும் இல்லை

ரொம்ப நாளாச்சு பதிவு எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்ல அதைவிட அதிகம். இப்பவும் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை பெரியவர் வீட்டுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதி இறக்கி வச்சிட்டா தேவலாம். கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

பெரியவர் யாருன்னு புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி. ரயில்வே ஒர்க்ஷாப்ல ஃபிட்டரா இருந்து 2005-ல ரிடையர் ஆனவர். எனக்கு ரிமோட் விமானம் விடக் கத்துக் கொடுத்தவர். 2006-ல மூணு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து பால்சா கட்டையில ஒரு விமானம் செஞ்சேன். "ஒரு ஷெல்ஃப் அடிச்சுத் தரச் சொன்னா மட்டும் நேரம் இருக்காது"ன்னு தங்கமணி ஒரு பக்கம் அர்ச்சனை. செங்கல்பட்டு தாண்டி ஒரு காய்ஞ்ச ஏரிக்குக் கொண்டு போய் விட்டேன். மொத்தமா எட்டு செகண்ட் பறந்துச்சு. அப்புறம் மூக்கால மண்ணைத் தோண்டிடுச்சு. ஆடு மேய்க்கிறவங்களைத் தவிர அங்க இருந்த ஒரே ஆள் அவர்தான். துண்டுகளைப் பொறுக்கி என் கையில கொடுத்துட்டு, "பரவால்ல தம்பி, இனிமே உடைஞ்சிடுமோங்கற பயம் இருக்காதுல்ல" அப்படின்னார்.

அடுத்த வாரத்துல இருந்து அவர் ரிமோட்டையும் என் ரிமோட்டையும் ஒரு ஒயரால இணைச்சு, நான் தப்பு பண்றப்ப எல்லாம் கன்ட்ரோலை அவர் வாங்கிக் காப்பாத்துவார். ஆறு மாசம் ஆச்சு. "ஏத்தறது எவனுக்கும் வரும், இறக்கறதுதான் வித்தை"ன்னு சொல்லுவார். இந்த மாதிரி அந்த ஏரியில அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க என்னோட சேர்த்து ஒரு பத்துப் பன்னெண்டு பேர் இருப்போம். ஒருத்தர்கிட்டயும் அஞ்சு பைசா வாங்கினதில்லை.

அந்த மனுஷன் 2023-ல இருந்து ரிமோட்டைத் தொடலை.

நடந்தது இதுதான். 2023 ஆகஸ்ட், சுதந்திர தினத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. நாங்க ரெண்டு பேர் மட்டும். காலையில பத்தரை மணி இருக்கும், பைக்ல ரெண்டு காவலர்கள் வந்தாங்க. யாரோ போன் பண்ணியிருக்காங்க. ஏட்டு ரொம்ப மரியாதையாத்தான் பேசினார்.

"சார், ட்ரோன் விடறீங்களாமே?"

"ட்ரோன் இல்லீங்க ஐயா, ஏரோமாடலிங்."

"ரிமோட்ல பறக்குதா?"

"பறக்குதுங்க."

"அப்ப ட்ரோன்தானே சார்."

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க. 144-ல தடை போட்டிருக்கறதா சொன்னாங்க. அந்த ஏரி அந்தத் தடைக்குள்ள வருதா இல்லையான்னு அங்க யாருக்கும் தெளிவாத் தெரியலை. மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்னு பெஞ்சுல உக்கார வச்சாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு எழுதி வாங்கிட்டு அனுப்பினாங்க. கேஸ் இல்லை. ஆனா விமானம் அங்கேயே இருக்கணும். அஞ்சு வாரம் கழிச்சுத் திரும்பக் கிடைச்சப்ப ஒரு பக்க இறக்கை முறிஞ்சிருந்துச்சு. மேல ஏதோ மூட்டையை வச்சிருக்காங்க, வேணும்னு பண்ணதில்லை.

78 வயசுல அஞ்சரை மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சு. வீட்டுக்கு வர்ற வழியில அவர் ஒரு வார்த்தை பேசலை.

இப்ப எல்லாரும் நான் போலீஸைத் திட்டப் போறேன்னு நினைப்பீங்க. இல்லை. ஏட்டு சொன்னதுதான் சட்டப்படி சரி. அதுதான் இந்தப் பதிவோட மேட்டரே.

1934-ம் வருஷ விமானச் சட்டத்துல விமானம்னா என்னன்னு ஒரு விளக்கம் இருந்துச்சு. காத்தோட எதிர்வினையால மேல நிக்கக்கூடிய எந்த இயந்திரமும் விமானம்தான். பலூன், கிளைடர், பட்டம் எல்லாம் அதுல சேர்த்தி. ஆமாம் மக்களே, நீங்க மொட்டை மாடியில விட்ட காத்தாடியும் சட்டப்படி விமானம். அதுக்காக உங்க மேல எவனாவது விமானச் சட்டத்துல கேஸ் போட்டானா? போடலை. எது விளையாட்டு எது விமானம்னு அதிகாரிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்தப் பொதுப் புத்தியிலதான் ஏரோமாடலிங்கும் இத்தனை வருஷம் ஓடிச்சு. என்சிசி விமானப் பிரிவுல பசங்களுக்கு இதைப் பாடமாவே சொல்லிக் கொடுக்கறாங்க. அரசாங்கமே வளர்த்த பிள்ளைதான் இது.

அப்புறம் ட்ரோன் வந்துச்சு. ஓட்டறவன் கையை எடுத்தாலும் ஜிபிஎஸ்ஸை வச்சுக்கிட்டு அந்தரத்துல நிக்கும். கேமரா இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்த் தானா திரும்பி வரும். எங்க விமானம் அப்படி இல்லை. ரெண்டு கட்டைவிரலும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தா கீழே வந்துடும். முந்நூறு மீட்டர் தாண்டினா காக்கா சைஸ்ல தெரியும், அதுக்கு மேல போனா எந்தப் பக்கம் மூஞ்சி எந்தப் பக்கம் வால்னே புரியாது. அதனால தூரமாப் போற வேலையே கிடையாது. ஆனா சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணு: ஆளில்லாம பறக்குது.

2014 அக்டோபர் 7-ம் தேதி டிஜிசிஏ ஒரு பொது அறிவிப்பு விட்டாங்க. விதிமுறைகள் வர்ற வரைக்கும் அரசு சாராத எந்த அமைப்பும், எந்தத் தனி மனுஷனும், எந்தக் காரணத்துக்காகவும் ஆளில்லா விமானம் விடக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும்! விதிமுறை வந்தது 2018 ஆகஸ்ட்ல, அமலுக்கு வந்தது டிசம்பர்ல. நடுவுல நாலு வருஷம் நாங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை குற்றவாளிகள். யாரும் பிடிக்கலைங்கறது வேற விஷயம்.

நியாயமாப் பேசணும். 2021 ஆகஸ்ட் 25-ல வந்த ட்ரோன் விதிகள் நல்ல விதிகள்தான். 25 படிவம் இருந்ததை அஞ்சாக் குறைச்சாங்க. அதுவும் எப்ப? ஜம்மு விமானப்படைத் தளத்து மேல ட்ரோன்ல குண்டு போட்டது அந்த வருஷம் ஜூன்ல. ரெண்டே மாசத்துல பயத்தை ஓரமா வச்சிட்டு விதியைத் தளர்த்தினாங்க. இதுக்கு ஒரு சபாஷ் போடலாம். பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் பறக்க முன் அனுமதி வேண்டாம். விமான நிலையத்துல இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரைக்கும் உள்ள பகுதியில 200 அடி. பொழுதுபோக்குக்காக, படிப்புக்காக, கண்பார்வைக்குள்ள விடற 25 கிலோ வரைக்குமான மாடல் விமானங்களுக்குன்னு தனியா ஒரு விளக்கமே எழுதி, அதுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. 2 கிலோ வரைக்கும் வியாபார நோக்கமில்லாம விடறதுக்கு பைலட் சான்றிதழும் வேண்டாம்.

படிக்கறப்ப எவ்வளவு சந்தோஷமா இருக்கு! அப்ப பிரச்சினை எங்க?

முதல்ல இன்ஷூரன்ஸ். 250 கிராம் வரைக்கும் இருக்கற நானோவைத் தவிர மத்ததுக்கெல்லாம் மூன்றாம் நபர் காப்பீடு வேணும். நியாயம்தான், ஒரு கிலோ விமானம் யார் தலையிலயாவது விழுந்தா அவங்களுக்கு யார் பதில் சொல்றது? எடுக்கலாம்னு போன் பண்ணேன்.

"தயாரிப்பாளர் பேர் சொல்லுங்க சார்."

"நான்தாங்க."

"கம்பெனி பேர் சார்."

"கம்பெனி இல்லீங்க, வீட்ல நானே செஞ்சது."

"மாடல் நம்பர்?"

பேர் கூட வைக்கலைங்கன்னு சொன்னேன். திரும்பக் கூப்பிடறேன்னாங்க. இன்னும் கூப்பிடறாங்க :-)

ரெண்டாவது, இறக்குமதி. 2022 பிப்ரவரி 9-ம் தேதியில இருந்து முழுசாவோ, கோத்துக்கற மாதிரி துண்டு துண்டாவோ ட்ரோன் இறக்குமதி பண்ணத் தடை. உள்ளூர்த் தொழில் வளரணும்னு போட்ட தடை, உதிரி பாகத்துக்குத் தடை இல்லை. ஆனா எங்க பார்சல்ல இருக்கறது உதிரி பாகமா, துண்டு துண்டான ட்ரோனான்னு பெட்டியைத் திறக்கிறவர்தான் முடிவு பண்ணணும். ஒரு ரிசீவரும் நாலு சர்வோவும் வரவழைச்சேன். ஒயர்லெஸ் சாமான், ஒப்புதல் சான்றிதழ் கொண்டு வான்னு கடிதம் வந்துச்சு. சான்றிதழ் வாங்கற செலவுல பத்து ரிசீவர் வாங்கலாம். பார்சல் வந்த வழியே போயிடுச்சு. பணம் அம்பேல்.

மூணாவதுதான் முக்கியமானது: தடை உத்தரவுகள். 2021 விதியிலேயே ஒரு ஏற்பாடு இருக்கு. பாதுகாப்புக்காக ஒரு இடத்தைத் தற்காலிக சிவப்பு மண்டலம்னு அறிவிக்கலாம். எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அறிவிக்கணும், ஒரு தடவைக்கு 96 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது, முடிஞ்ச வரைக்கும் சின்ன இடமா இருக்கணும், டிஜிட்டல் ஸ்கை தளத்துல எல்லாரும் பார்க்கிற மாதிரி போடணும். அருமையான ஏற்பாடு. ஆனா நடைமுறையில வர்றது பழைய 144, 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்தோட 163. மும்பை மாதிரி ஊர்ல ஒரேயடியா 30 நாளைக்கு, நகரம் முழுசுக்கும், ட்ரோன், பாராகிளைடர், பலூன், ரிமோட் விமானம் எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டித் தடை போட்டிருக்காங்க. மேப்பைப் பார்த்தா பச்சை. நேர்ல போனா பெஞ்சு.

சென்னை மேப்பை எடுத்து மீனம்பாக்கத்தைச் சுத்தி 12 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்க. போரூர், அடையாறு, வேளச்சேரி, பல்லாவரம் எல்லாம் உள்ள. தாம்பரத்துல விமானப்படைத் தளம். மேற்கே அரக்கோணத்துல கடற்படைத் தளம். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். இதையெல்லாம் விட்டுட்டு மிச்சம் இருக்கறதுல பிளாட் போடாத வெட்டவெளி எங்கன்னு தேடிப் பாருங்க. அப்படிக் கிடைச்சதுதான் எங்க ஏரி. அதுவும் தண்ணி இல்லாத மாசத்துல மட்டும்.

இப்ப இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். கட்டுப்பாடே வேண்டாம்னு சொல்ற கட்சி இல்லை நான்.

பெரியவரோட எஞ்சின் மெத்தனால்ல ஓடறது. மெத்தனாலோட அஞ்சுல ஒரு பங்கு விளக்கெண்ணெய் கலந்து ஊத்தினா, அந்தப் புகை வாசனைக்கே ஒரு போதை உண்டு. தமிழ்நாட்ல லைசென்ஸ் இல்லாம மெத்தனால் வச்சிருக்கக் கூடாது, அதுக்கு 1959-லேயே விதி இருக்கு. முன்னாடி எல்லாம் இதை நாங்க ஒரு தொல்லையாத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம் எந்த வாயை வச்சுக்கிட்டு என் பொழுதுபோக்குக்கு மெத்தனால் குடுங்கன்னு கேக்கறது? நான் பேட்டரிக்கு மாறிட்டேன். வாசனை போச்சு, பரவால்லை. உயிர் பெருசு. காரணம் புரியற கட்டுப்பாட்டுக்கு மனுஷன் கட்டுப்படுவான், அதுல அவனுக்குக் கோபம் வராது.

எங்க ஆளுங்க மேலயும் தப்பு இருக்கு. தெரிஞ்ச நண்பர் ஒருத்தர் வீடியோ நல்லா வரணும்னு நெடுஞ்சாலைக்குக் குறுக்கே விமானத்தை விட்டார். ஒரு கிலோ எடை, அறுபது கிலோமீட்டர் வேகம், முன்னாடி கத்தி மாதிரி சுத்தற புரொப்பல்லர். ஒரு பைக்காரர் மேல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? 2018 டிசம்பர்ல லண்டன் கேட்விக் விமான நிலையத்துல ட்ரோன் பார்த்ததா வந்த தகவலால சுமார் ஆயிரம் விமானங்கள் பாதிச்சு, லட்சத்துக்கு மேல பயணிகள் மாட்டினாங்க. யார் விட்டாங்கன்னு கடைசி வரை கண்டுபிடிக்க முடியலை. இதையெல்லாம் பார்த்த அதிகாரி பயப்படறதுல தப்பே இல்லை.

அப்ப என்னதான் வேணும்ங்கறே? அப்படின்னு நீங்க கேக்கறது காதுல விழுது.

அமெரிக்காவைப் பாருங்க. 1981-ல அங்க மாடல் விமானத்துக்குன்னு இருந்தது ஒரே ஒரு பக்க அறிவுரை: 400 அடிக்கு மேல போகாதே, விமான நிலையம் பக்கத்துல இருந்தா சொல்லிட்டு விடு. முப்பது வருஷத்துக்கு மேல அதுலயே ஓட்டினாங்க. ட்ரோன் வந்ததும் அங்கேயும் இதே பதட்டம். 2015 டிசம்பர்ல 250 கிராமுக்கு மேல எல்லாத்தையும் பதிவு பண்ணுன்னாங்க, கட்டணம் 5 டாலர். ஒரு பொழுதுபோக்குக்காரர் கோர்ட்டுக்குப் போனார், 2017 மே மாசம் அது செல்லாதுன்னு தீர்ப்பு. அதே டிசம்பர்ல நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு விமானமும் தன் அடையாளத்தை ரேடியோவுல சொல்லிக்கிட்டே பறக்கணும்னு ஒரு விதி, 2024 மார்ச்ல இருந்து கறாரா. அங்க உள்ள பழைய ஆளுங்களும் புலம்பத்தான் செஞ்சாங்க. ஆனா அந்த விதிக்குள்ளயே ஒரு கதவு விட்டிருக்காங்க. அங்கீகரிச்ச கிளப் மைதானத்துல, கண்பார்வைக்குள்ள விட்டா அந்தக் கருவி வேண்டாம். அதாவது, "இந்த மைதானம் உன்னுது, இங்க விடு, நான் உன்னைத் தேட மாட்டேன்"னு எழுத்துல கொடுத்திருக்காங்க. அங்க 1936-ல இருந்து இருக்கற மாடல் விமானச் சங்கத்துல உறுப்பினரானா இன்ஷூரன்ஸும் கூடவே வந்துடும்.

எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். புதுச் சலுகை எதுவும் வேண்டாம். 2021 விதியில ஏற்கனவே கொடுத்ததைத் தரையில நின்னு பயன்படுத்தற மாதிரி ஆக்குங்க. மாவட்டத்துக்கு ஒரு இடம், ஏரியோ தரிசு நிலமோ எதுவா இருந்தாலும் சரி, ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்னாலும் சரி. அந்த இடத்தோட பேரும் எல்லையும் பக்கத்து ஸ்டேஷன் சுவத்துல ஒட்டியிருக்கணும். தடை உத்தரவு போடறப்ப அந்த இடமும் அடக்கமா இல்லையான்னு ஒரே ஒரு வரி சேர்க்கணும். அடக்கம்னா நாங்க அன்னிக்கு வீட்ல இட்லி சாப்பிட்டுத் தூங்கிடுவோம், சத்தியமா. கிளப் மூலமா கூட்டாக் காப்பீடு எடுக்க வழி பண்ணணும். பதிலுக்கு நாங்க என்ன தரணும்? ஒவ்வொரு விமானத்து மேலயும் பேரும் போன் நம்பரும். கேமரா கிடையாது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் மேல பறக்கறது கிடையாது. மீறினா முதல்ல நாங்களே அந்த ஆளை வெளியே அனுப்பணும்.

2025 செப்டம்பர்ல புதுசா ஒரு ட்ரோன் மசோதாவோட வரைவை வெளியிட்டு மக்கள்கிட்ட கருத்து கேட்டாங்க. மீறல்களுக்குச் சிறை வரைக்கும் பேசற வரைவு. கேமரா ட்ரோன் கம்பெனிக்காரங்க கருத்து சொல்ல சங்கம் வச்சிருக்காங்க, வக்கீல் வச்சிருக்காங்க. எங்க ஏரியில யார் இருக்கா? பத்துப் பன்னெண்டு பேர், நாலு ஆடு. இந்த மாதிரி சின்னக் கூட்டத்தை யாரும் வேணும்னு ஒழிக்கறதில்லை. யாரும் நினைச்சுப் பார்க்காததாலயே ஒழிஞ்சு போகுது. தடைன்னு தெரிஞ்சா வேற வேலையைப் பார்க்கலாம், அனுமதின்னு தெரிஞ்சா தைரியமா விடலாம். ரெண்டும் இல்லாத இடத்துல ஒழுங்கா இருக்கணும்னு நினைக்கறவன்தான் முதல்ல விலகிப் போறான். எதுக்கும் துணிஞ்சவன் விட்டுக்கிட்டேதான் இருப்பான். நெடுஞ்சாலை மேல விமானம் விட்ட நண்பர் இன்னும் விடறார். பெரியவர் நிறுத்திட்டார். இதைவிட ஒரு விதி தோத்துப் போனதுக்கு வேற என்ன அத்தாட்சி வேணும்?

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன்னு சொன்னேன் இல்லையா. பேரன் லீவுக்கு வந்திருந்தான், ஒன்பது வயசு. ஷெல்ஃப்ல எண்ணெய்த் துணியில சுத்தி வச்சிருந்த எஞ்சினை எடுத்து வந்து புரொப்பல்லரை விரலால சுத்திப் பார்த்துக்கிட்டு இருந்தான். ஒவ்வொரு சுத்துக்கும் உள்ள காத்து அழுந்தி "டொக்"குன்னு ஒரு சத்தம். ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டாத எஞ்சின், ஒரு துளி துரு இல்லை. மாசம் ஒரு தடவை எண்ணெய் விடறாராம்.

"தாத்தா, இது நிஜமாவே பறந்துச்சா?"

"பறந்துச்சுடா."

"எனக்குக் காட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்து, "வர்ற ஞாயிறு ஏரிக்குப் போலாமாங்க ஐயா? மேப்ல பச்சையாத்தான் இருக்கு, நான் பார்த்துட்டேன்" அப்படின்னேன்.

அவர் எஞ்சினைப் பேரன் கையில இருந்து வாங்கி, பழையபடி துணியில சுத்தி, மேல வச்சார்.

"எழுதிக் குடுத்துட்டாங்களா தம்பி?" அப்படின்னார்.

என்கிட்ட பதில் இல்லை. டீயைக் குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

உங்க பக்கம் யாராச்சும் மாடல் விமானம் விடறவங்க இருந்தா, அங்க எப்படிச் சமாளிக்கறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கலெக்டர்கிட்ட மனு எழுதறதுல அனுபவம் உள்ளவங்க இருந்தா இன்னும் சந்தோஷம். நல்ல தமிழ்ல ஒரு மனு எழுதித் தாங்க, கையெழுத்து வாங்கற வேலையை நான் பார்த்துக்கறேன். முதல் கையெழுத்து யார்கிட்ட வாங்கணும்னு முடிவு பண்ணிட்டேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. இந்தப் பதிவைக் காட்டி ஸ்டேஷன்ல வாதாடி, பெஞ்சுல உக்கார வச்சா கம்பெனி பொறுப்பல்ல.